அதிர்ஷ்டப் புரட்டு: கேரி கில்டாலின் தொழில் சரித்திரம்

(வாசகசாலை ஆண்டுவிழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



வாசகசாலைத் தோழர்கள் இன்று நம்மை அழைத்து, கம்ப்யூட்டர் தொழிலில் முன்னோடியாயிருந்த ஒருவருடைய சரித்திரத்தை வாலிபர்களுக்குப் பிரயோஜனப்படும்படியாகச் சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தொழிலில் பேர் எடுத்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கோடீஸ்வரர்களுடைய கதைகளைப் புஸ்தகமாகப் போட்டு விற்பதும், அவற்றை ஜனங்கள் பாராயணம் செய்வதும், "அவரைப்போல நீயும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திரு, நீயும் கோடீஸ்வரனாகி விடுவாய்" என்று பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதும் இப்போது ஒரு புதுப் புராணப் பிரசங்கமாகவே ஆகிவிட்டது. அந்த வேலைக்கு வேறு ஆள்கள் இருக்கிறார்கள். ஆதலால் நாம், வேலையை முதல்முதலில் செய்து காட்டியும் பேர் மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்த ஒருவரைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறோம்.

அவர் பெயர் கேரி கில்டால். அமெரிக்க தேசத்தவர். 1942ஆம் வருஷம் சியாட்டில் நகரில் பிறந்து 1994ஆம் வருஷம் தமது 52ஆம் வயதில் இறந்தவர். இந்தக் கூட்டத்தில் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். ஆனால் உங்களில் கம்ப்யூட்டரைத் தொட்டவர்கள் எல்லோரும் இவருடைய கைவேலையின் மிச்சத்தைப் பார்த்திருக்கிறீர்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் சரக்கு இருக்கிற இடத்துக்கு 'சி' என்று ஒரு எழுத்துப் பெயர் இருக்கிறதல்லவா? 'ஏ' எங்கே, 'பி' எங்கே என்று நீங்கள் யாராவது கேட்டதுண்டா? நம் ஜனங்களுக்குத்தான் எதையும் "அது அப்படித்தான்" என்று ஒப்புக்கொள்ளுகிற பழக்கமாயிற்றே! 'ஏ'யும் 'பி'யும் ஒரு காலத்தில் பிளாப்பி தட்டுகள் போடுகிற இரண்டு வாய்கள். தட்டுப்போடும் வாய்க்கு எழுத்துப் பெயர் வைக்கிற அந்த வழக்கம் சிறிய கம்ப்யூட்டர்களுக்கு வந்தது கில்டால் எழுதிய சி.பி./எம். என்கிற மென்பொருள் வழியாகத்தான். (சி.பி.எம். என்றவுடன் யாரும் கட்சிக் கூட்டமென்று நினைத்துவிட வேண்டாம். இது மைக்ரோகம்ப்யூட்டர்களை ஆளும் புரோகிராம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.) பிளாப்பி ஒழிந்துபோய் எத்தனையோ வருஷமாயிற்று. எழுத்து மாத்திரம் இன்னும் ஒழியவில்லை.

நிற்க, இவரைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்கிறவர்களும் ஒரே ஒரு கதையைத்தான் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அதாவது, 1980ஆம் வருஷத்தில் ஐ.பி.எம். என்கிற மகா பெரிய கம்பெனிக்காரர்கள் இவர் வாசலில் வந்து கதவைத் தட்டினார்களாம். இவர் ஆகாயவிமானத்தில் ஏறி உல்லாசமாய்ப் பறக்கப் போய்விட்டாராம். வந்த லட்சுமி கோபித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாளாம். அந்த அடுத்த வீட்டுக்காரர்தான் பில் கேட்ஸாம்! இதைச் சொல்லிவிட்டு, "எல்லாம் அவனவன் தலையெழுத்து" என்று ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டால் தீர்ந்தது. மேல்நாட்டிலும் இந்தக் கதைதான். அங்கே லட்சுமிக்குப் பதில் அதிர்ஷ்டம் என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புரட்டு என்பதைத்தான் இன்று நாம் பார்க்கவேண்டும். அதற்கு முன் அவர் செய்த வேலை இன்னதென்று தெரிந்தாக வேண்டும். வேலை தெரியாமல் கூலியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

கில்டாலின் குடும்பத்தார் சியாட்டிலில் கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கூடம் நடத்தி வந்தவர்கள். இவர் கணக்கு வாத்தியாராகப் போகலாமென்று வாஷிங்டன் யூனிவர்சிட்டியில் சேர்ந்து, அங்கே கம்ப்யூட்டரைக் கண்டு அதன்மேல் ஆசை வைத்துவிட்டார். அப்போது அமெரிக்காவில் வாலிபர்கள் கட்டாயமாகப் படைக்குப் போகவேண்டியிருந்தபடியால், இவர் அந்தக் கடமையைக் கலிபோர்னியாவில் மாண்டரே என்னுமிடத்திலுள்ள கடற்படை மேற்படிப்புக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துத் தீர்த்தார். 1972இல் டாக்டர் பட்டம் பெற்றார். புரோகிராமை மிஷின் தானே சீர்திருத்தி வேகமாக ஓடும்படி செய்வதற்கான ஒரு முறையைப் பற்றி 1973இல் இவர் வெளியிட்ட கட்டுரை, அந்தச் சாஸ்திரத்தில் இன்றைக்கும் இவர் பெயராலேயே வழங்குகிறது. வேறொன்றும் செய்யாமல் இதை மாத்திரம் செய்திருந்தாலும் ஒரு வாத்தியாருக்கு அது போதுமான பெயர்தான்.

1971இல் இன்டெல் கம்பெனியார் 4004 என்ற ஒரு சிறு சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். விரல் நகம் அளவுகூட இல்லாத அந்தச் சில்லுக்குள் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். கணக்குப் போடுகிற மிஷினுக்கும் அதுபோன்ற சாமான்களுக்கும்தான் இது உதவும் என்பது அப்போது பெரும்பாலோருடைய எண்ணம். கம்ப்யூட்டர் என்றால் ஒரு பெரிய ஹாலை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த காற்றும் காவலும் வைத்து, சாமி கர்ப்பக்கிருகத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். உள்ளே போகப் பூசாரிக்கு மாத்திரம் அனுமதி. வெளியிலிருக்கிறவன் தன் கேள்வியைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து பிரசாதத்தை வாங்கிக்கொண்டு போகவேண்டும். கில்டால் இந்தச் சில்லு ஒன்றை வாங்கி, இதை முழுக் கம்ப்யூட்டராக ஆக்கமுடியுமா என்று தோண்டித் துருவ ஆரம்பித்தார். கல்லூரி வேலையில்லாத நாள்களில் இன்டெல் கம்பெனிக்குப் போய் ஆலோசகராக வேலை செய்தார். அந்தச் சில்லுகளுக்குக் கட்டளையிடுவதென்றால் அதுவரையில் மிஷினுக்கு மாத்திரம் விளங்கும் குறிகளாலேயே எழுதவேண்டும். 1973இல் இவர் பி.எல்./எம். என்று ஒரு பாஷையை அமைத்து, மனிதனுக்கு விளங்குகிற மாதிரி எழுதினால் சில்லுக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக்கொடுக்கும்படி செய்தார். இந்தச் சில்லுகளுக்கென்று ஏற்பட்ட முதல் மேல்நிலைப் பாஷை இதுதான்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். சில்லு மூளை என்றால், எழுதி வைத்துக்கொள்ள ஒரு இடம் வேண்டாமா? அப்போது காகித நாடாவில் துளை போட்டுப் புரோகிராமைச் சேமித்து வைப்பார்கள். அது ஆமை வேகம். பிளாப்பி என்கிற காந்தத் தட்டு அப்போதுதான் வந்திருந்தது. எட்டு அங்குலத் தட்டு ஒன்றில் சுமார் இரண்டரை லட்சம் எழுத்துகளை எழுதி வைக்கலாம். ஷுகார்ட் என்ற கம்பெனியில் பரீட்சைக்காக ஓட்டி ஓட்டித் தேய்ந்துபோன ஒரு தட்டோட்டி இவர் கைக்கு வந்தது. ஆனால் அதைச் சில்லுடன் இணைக்கிற மின்சாரப் பலகையைச் செய்ய இவரால் ஆகவில்லை. மென்பொருளில் புலியாயிருந்தவர் கம்பி வேலையில் தடுமாறினார். கடைசியில் கூடப் படித்த சிநேகிதர் ஜான் டொரோட் என்பவர் அந்தப் பலகையைச் செய்து கொடுத்தார். 1974இல் பசிபிக் குரோவ் என்ற சிறு ஊரில், வீட்டுக்குப் பின்புறமிருந்த சாமான் கொட்டகையில், சில்லும் தட்டும் ஒன்றோடொன்று பேசின. பேச வைத்த புரோகிராம்தான் சி.பி./எம்.

இது என்ன பெரிய காரியமென்று கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கிராமத்தில் ஆயிரம் துண்டு நிலம் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு யாருடையது, எது தரிசாகக் கிடக்கிறது, ஒருவனுக்கு ஐந்து துண்டு ஐந்து இடத்தில் சிதறிக் கிடந்தால் அவற்றை எப்படி ஒரே பட்டாவில் சேர்ப்பது என்பதற்கெல்லாம் ஒரு கணக்குப்பிள்ளையும், சிட்டாவும் அடங்கலும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நிலம் இருந்தும் பயனில்லை, அடிதடிதான் மிச்சமாகும். காந்தத் தட்டும் அப்படித்தான். அது வெறும் நிலம். அதில் உங்கள் கடிதம் எங்கே இருக்கிறது, கடைக் கணக்கு எங்கே இருக்கிறது, காலி இடம் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை சி.பி./எம். இதை ஆங்கிலத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். பெரிய கம்ப்யூட்டர்களுக்கு இத்தகைய கணக்குப்பிள்ளைகள் முன்பே உண்டு. சிறிய சில்லுக்கு ஏற்றபடி, சிறிய இடத்தில் அடங்கும்படி எழுதி, சந்தையில் எவரும் வாங்கக்கூடியதாக வைத்தவர் கில்டால்.

இதை அவர் இன்டெல் கம்பெனிக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அவர்கள் பாஷையை எடுத்துக்கொண்டார்கள், கணக்குப்பிள்ளை வேண்டாமென்றுவிட்டார்கள். சில்லு செய்கிற கம்பெனிக்கே தன் சில்லு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டராக ஆகும் என்பது அப்போது தெரியவில்லை! இதற்கு எந்தச் சோசியன் ஜாதகம் பார்த்து வைத்திருந்தான்?

பிறகு கேரியும் அவர் மனைவி டோரதியும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனியை ஏற்படுத்தினார்கள். ஆரம்பத்தில் அதன் பெயருக்கு முன்னால் "நட்சத்திர மண்டலங்களுக்கிடையே" என்று பொருள்படும் ஒரு ஆங்கில விசேஷணத்தையும் வேடிக்கையாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். மண்டலம் பெரிது, ஆபீஸ் வீடுதான். பத்திரிகையில் விளம்பரம் போட்டு, தபாலில், நூறு டாலருக்கும் குறைந்த விலைக்கு விற்க ஆரம்பித்தார்கள். வியாபாரத்தையும், வாடிக்கைக்காரர்களையும், ஒப்பந்தங்களையும் டோரதி அம்மையார் கவனித்துக்கொண்டார். இந்த அம்மையாரை மறந்துவிடாமல் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கதைக்காரர்கள் இவர் தலையில்தான் பழியைக் கட்டப் போகிறார்கள்.

வியாபாரம் வளர்ந்ததும் ஒரு சங்கடம் வந்தது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கம்பெனிகள் கிளம்பி, ஒவ்வொருவரும் தங்கள் இஷ்டப்படி கம்ப்யூட்டர் செய்தார்கள். ஒன்றின் தட்டு ஒரு மாதிரி, மற்றொன்றின் திரை வேறு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சி.பி./எம். முழுவதையும் திருத்தி எழுதுவதென்றால் ஆயுசு போதாது. இம்சாய் என்ற கம்பெனிக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டருக்கு வேண்டுமென்று கேட்டபோது கில்டால் என்ன செய்தாரென்றால், மிஷினுக்கு மிஷின் மாறுகிற பாகத்தை மாத்திரம் தனியாகப் பிரித்து, அதற்கு பயாஸ் என்று பெயரும் வைத்தார். கணக்கு எழுதுகிற முறை எல்லாக் கிராமத்துக்கும் ஒன்று. வரப்பைக் காட்டுகிற தலையாரி மாத்திரம் ஊருக்கு ஊர் வேறு என்பது போல. புதிதாகக் கம்ப்யூட்டர் செய்கிறவன் தன் ஊர்த் தலையாரியை மாத்திரம் எழுதிச் சேர்த்துவிட்டால் போதும். மற்றதெல்லாம் அப்படியே ஓடும்.

இதனால் விளைந்த பலனை யோசித்துப் பாருங்கள். ஒருவன் ஒரு புரோகிராம் எழுதினால் அது ஒரு கம்பெனியின் மிஷினுக்கு மாத்திரம் அடிமையாயிராமல், சி.பி./எம். இருக்கிற எல்லா மிஷினிலும் ஓடலாமென்று ஆயிற்று. மென்பொருளுக்கென்று தனிச் சந்தை உண்டாயிற்று. கடிதம் எழுத வேர்ட்ஸ்டார், கணக்கும் பட்டியலும் வைக்க டிபேஸ் என்று பெரும் பேர் பெற்ற சரக்குகளெல்லாம் இந்த நிலத்தில் முளைத்தவைதான். வேர்ட்ஸ்டார் கம்பெனியை ஆரம்பித்த சீமோர் ரூபின்ஸ்டைன், முன்னே இம்சாய் கம்பெனியின் சார்பில் கில்டாலிடம் பேரம் பேசி, 25,000 டாலரை ஒரே தொகையாகக் கொடுத்து சி.பி./எம். உரிமையை வாங்கிக்கொண்டு போனவர். அந்தப் பேரத்தில் தாம்தான் ஜெயித்ததாக அவருக்கு எண்ணம். கில்டாலுக்கோ அன்று அது பெரிய தொகை. தொழிலாளி விலை சொல்லும்போது தன் உழைப்பைக் கணக்குப் பார்க்கிறான். வியாபாரி சரக்கு நாளைக்கு எத்தனை பேருக்கு விற்கும் என்று கணக்குப் பார்க்கிறான். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவிலுள்ள தூரத்தில்தான் கில்டாலின் சரித்திரம் முழுதும் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

1981 வாக்கில் சுமார் 3,000 விதமான கம்ப்யூட்டர்களில் சி.பி./எம். ஓடிற்று. கம்பெனியின் வருஷ வரும்படி 54 லட்சம் டாலர். அதாவது ஐ.பி.எம்.காரர்கள் வந்து கதவைத் தட்டியபோது இவர் வறுமையில் காத்துக்கொண்டிருந்தவரல்ல. அந்தச் சந்தையில் இவர்தான் முதல்வர். அதனால்தான் தட்டினார்கள்.

இனி அந்த நாளைப் பார்ப்போம். ஐ.பி.எம். கம்பெனியார் சிறிய கம்ப்யூட்டர் ஒன்றை அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவரத் தீர்மானித்து, மென்பொருளுக்காக முதலில் மைக்ரோசாப்ட் கம்பெனிக்குப் போனார்கள். சி.பி./எம். மைக்ரோசாப்டின் சொத்து என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். பில் கேட்ஸ், "அது எங்களுடையதல்ல, கில்டாலுடையது" என்று சொல்லி வழிகாட்டி அனுப்பினார். இதை நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். ஐ.பி.எம்.காரர்கள் பசிபிக் குரோவுக்கு வந்த அன்று காலையில் கில்டால் தம் விமானத்தில் போயிருந்தது வாஸ்தவம். ஆனால் எங்கே போனார்? காற்று வாங்கவா? ஓக்லண்டிலிருந்த ஒரு வாடிக்கைக்காரரைப் பார்க்கப் போனார். சந்தைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனவனை "ஊர் சுற்றப் போனான்" என்று சொல்லலாமானால் இதையும் உல்லாசம் என்று சொல்லலாம். ஒப்பந்தப் பேச்சை டோரதி அம்மையாரிடம் விட்டுப் போனார். ஏனென்றால் எல்லா ஒப்பந்தப் பேச்சையும் வழக்கமாகப் பேசுகிறவர் அவர்தான்.

வந்தவர்கள் பேச்சைத் தொடங்குமுன் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அதன் சாரம் என்ன? ஐ.பி.எம்.காரர்கள் சொல்வதையெல்லாம் நீங்கள் ரகசியமாக வைத்திருக்கவேண்டும். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கும் கடமை ஐ.பி.எம்.முக்கு இல்லை. தாய்மார்களே! உங்கள் வீட்டுக்கு ஒருவன் நிலம் வாங்க வந்து, "நான் சொல்வதை நீ வெளியில் சொன்னால் வழக்கு, நீ சொல்வதை நான் ஊரெல்லாம் சொல்வேன், இதற்குக் கைநாட்டு வை, பிறகு பேசலாம்" என்றால் நீங்கள் வைப்பீர்களா? வைத்தால் உங்களைப் புத்திசாலி என்பார்களா? டோரதி அம்மையார் வக்கீலைக் கலந்துகொண்டு, உடனே கையெழுத்துப் போட மறுத்தார். இதையே ஒரு ஆண்பிள்ளை செய்திருந்தால் "எவ்வளவு ஜாக்கிரதையுள்ளவன்!" என்று புகழ்வார்கள். பெண்பிள்ளை செய்ததால், புருஷனுடைய அதிர்ஷ்டத்தைக் கெடுத்தவள் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் கெட்டது நடந்தால் "மருமகள் காலடி வைத்த நேரம்" என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அந்த அறிவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிற்பகலில் தாம் திரும்பி வந்து அவர்களைச் சந்தித்துப் பேசியதாகவே கில்டால் சொல்லியிருக்கிறார். ஐ.பி.எம். தரப்பில் வந்தவர், அவரைச் சந்திக்கவேயில்லை என்று சொல்லியிருக்கிறார். சாட்சிகள் ஒத்துப்போகாத வழக்கு. இதற்காக நாம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏனென்றால் சங்கதி அன்றைக்கு முடிந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் ஐ.பி.எம்.முக்கும் அவருக்கும் பேச்சு நடந்திருக்கிறது, சி.பி./எம். ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்கு வந்தும் இருக்கிறது. அப்படியானால் "கதவு ஒருமுறைதான் தட்டப்படும்" என்ற புராணம் எங்கே நிற்கிறது?

உண்மையான காரணங்கள் வேறே. முதலாவது, காலதாமதம். இன்டெல் கம்பெனி 1978இல் 8086 என்ற புதிய, பலமான சில்லை வெளியிட்டது. அதற்கேற்ற சி.பி./எம். வெளிவராமல் தாமதித்துக்கொண்டே போயிற்று. கில்டாலின் மனம் பி.எல்./1 என்ற ஒரு பெரிய பாஷையைச் சிறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவதில் ஆழ்ந்திருந்தது. அவருக்கு எது சுவையாயிருந்ததோ அதைச் செய்தார்; சந்தை எதற்குக் காத்திருந்ததோ அது பின்தங்கியது. சியாட்டிலில் அந்தப் புதிய சில்லுக்குப் பலகை செய்து விற்றுவந்த ஒரு சிறு கம்பெனியார் பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்கள் வேலையாளான டிம் பாட்டர்சனைக் கொண்டு 1980இல் தாங்களே ஒரு கணக்குப்பிள்ளையை எழுதிக்கொண்டார்கள். சி.பி./எம். புரோகிராம்களைச் சுலபமாய் மாற்றிக்கொள்ள வசதியாக, கட்டளைகளின் முறையை சி.பி./எம்.மின் கையேட்டைப் பார்த்து அதற்கொத்தபடியே அமைத்தார்கள்.

ஐ.பி.எம்.முக்கு வேறு வழி காட்டுவதாக ஏற்றுக்கொண்ட மைக்ரோசாப்ட் கம்பெனி, இதை எடுத்துத் திருத்தி, 1981 ஜூலையில் 50,000 டாலருக்கு முழு உரிமையையும் வாங்கிக்கொண்டது. யாருக்காக வாங்குகிறோமென்பதை விற்றவர்களுக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் 12ஆம் தேதி ஐ.பி.எம். கம்ப்யூட்டர் வெளிவந்தது.

கில்டால் பார்த்தார். தம்முடைய முறையையே நகல் செய்திருப்பதாகச் சொல்லி வழக்குப் போடுவதாக எச்சரித்தார். ஆனால் மென்பொருளுக்குக் காப்புரிமை உண்டென்று அமெரிக்கச் சட்டம் தெளிவாகச் சொன்னதே 1980இல்தான். எழுதிய வரிகளுக்கு உரிமை உண்டு சரி, கட்டளைகளின் அமைப்பு முறைக்கும் உண்டா என்பது எந்தக் கோர்ட்டிலும் தீராத கேள்வியாயிருந்தது. அதனால் வழக்குக்குப் பதில் ஒரு சமரசம் செய்துகொண்டார்: ஐ.பி.எம். தன் கம்ப்யூட்டருக்கு சி.பி./எம்.மையும் விற்கவேண்டும். தம் சரக்கு நல்ல சரக்கு, ஜனங்கள் பார்த்து வாங்குவார்கள் என்று நம்பினார். கடையில் விலைப்பட்டியல் வந்தது. மைக்ரோசாப்டின் சரக்கு 40 டாலர். கில்டாலின் சரக்கு 240 டாலர்! அதுவும் மாதக்கணக்கில் பிந்தி வந்தது. ஆறு மடங்கு விலை கொடுத்து எந்த நல்ல சரக்கை யார் வாங்குவார்கள்? இதற்கு விதி வேண்டுமா? பெருக்கல் வாய்ப்பாடு போதாதா?

இரண்டாவது சங்கதி இன்னும் கூர்ந்து கவனிக்கவேண்டியது. மைக்ரோசாப்ட் ஐ.பி.எம்.மிடமிருந்து பிரதிக்கு இவ்வளவு என்று வாங்கிப் பணக்காரராயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஐ.பி.எம். கொடுத்தது ஒரே தொகைதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வாசகத்தை மைக்ரோசாப்ட் விட்டுக்கொடுக்கவில்லை: இதே சரக்கை மற்றக் கம்பெனிகளுக்கும் விற்கும் பாத்தியதை தனக்கு உண்டு என்பதே அது. 1982 கடைசியில் காம்பாக் என்ற கம்பெனி, ஐ.பி.எம். கம்ப்யூட்டரைப் போலவே நடக்கும் கம்ப்யூட்டர் ஒன்றை அறிவித்தது. அதன் பிறகு நூற்றுக்கணக்கான கம்பெனிகள் கிளம்பின. எல்லோரும் மைக்ரோசாப்டிடம் வந்தார்கள். பல கம்பெனிகளின் மிஷின்களுக்கு ஒரே கணக்குப்பிள்ளை என்கிற ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் கில்டால். அதை ஒரு ஒப்பந்த வாசகத்தில் கட்டி வைத்துக்கொண்டவர் கேட்ஸ். கேட்ஸைத் திருடன் என்று சொல்ல நாம் வரவில்லை. அவர் வியாபாரி, வியாபாரியின் வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தார். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தையே கண்டுபிடிப்பு என்று பேர் சூட்டி, கண்டுபிடித்தவனை விமானத்தில் ஊர் சுற்றிய விளையாட்டுப் பிள்ளையாக்குவதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

இந்த நகல் சண்டை அத்துடன் தீரவில்லை. 2004இல் வெளிவந்த ஒரு புஸ்தகத்தில் பாட்டர்சனின் வேலை சி.பி./எம்.மின் நகல் என்று எழுதப்போக, அவர் 2005இல் மானநஷ்ட வழக்குப் போட்டார். 2007இல் நீதிபதி அதைத் தள்ளிவிட்டார். கில்டால் இறந்து பதின்மூன்று வருஷத்திற்குப் பிறகு!

அப்புறம் அவர் மூலையில் உட்கார்ந்து அழுதாரென்று எண்ணிவிடாதீர்கள். அவர் ஏழையாகவும் ஆகிவிடவில்லை. கார்களும், விமானங்களும், ஏரிக்கரை வீடும் வைத்துச் சுகமாகவே வாழ்ந்தார். 1983 முதல் 1990 வரையில் அமெரிக்கப் பொது டெலிவிஷனில் கம்ப்யூட்டர் கிரானிக்கிள்ஸ் என்ற நிகழ்ச்சியில் ஸ்டூவர்ட் சீஃபேயுடன் உட்கார்ந்து, போட்டிக்காரர்களுடைய சரக்குகளையும் ஜனங்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னார். தன் கடையை விட்டு அடுத்த கடைச் சரக்கின் குணத்தை எடுத்துச் சொல்லும் வியாபாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வாத்தியார் புத்தி அவரை விடவில்லை. 1985இல் ஒரு கலைக்களஞ்சியம் முழுவதையும் ஒரே சிடி தட்டில் அடக்கி வெளியிட வழி செய்தவரும் அவரே. அதே வருஷம் ஜெம் என்ற படத்திரை மென்பொருள் வந்தது. தங்களுடையதைப் போலிருக்கிறதென்று ஆப்பிள் கம்பெனி மிரட்ட, அதை மாற்ற நேர்ந்தது. 1988இல் அவருடைய கம்பெனி டி.ஆர். டாஸ் என்று ஒன்றை வெளியிட்டு, மைக்ரோசாப்டுடன் மைக்ரோசாப்டின் களத்திலேயே போட்டி போட்டது. 1991இல் கம்பெனியை நோவெல்லுக்கு விற்றுவிட்டார்.

ஆனால் மனத்தில் முள் இருந்தது. 1992இல் அவர் படித்த வாஷிங்டன் யூனிவர்சிட்டியின் கம்ப்யூட்டர் பகுதிக்கு இருபத்தைந்தாம் ஆண்டு விழா நடந்தது. அங்கே படித்து டாக்டர் பட்டம் பெற்ற இவரையும் அழைத்தார்கள். முக்கியப் பிரசங்கம் செய்ய அழைத்ததோ, வேறு யூனிவர்சிட்டியில் படிப்பைப் பாதியில் விட்ட பில் கேட்ஸை. இந்தக் கோபத்தில்தான் அவர் தம் சரித்திரத்தைத் தாமே எழுத உட்கார்ந்தார். எழுதியதை 1993இல் சில சிநேகிதர்களுக்கு மாத்திரம் கொடுத்தார். அடுத்த வருஷம் ஜூலை 8ஆம் தேதி மாண்டரேயில் ஒரு மதுக்கடையில் தலையில் காயம்பட்டு, 11ஆம் தேதி இறந்துபோனார். அந்தச் சரித்திரத்தின் முற்பகுதியை அவருடைய மக்கள் 2016இல்தான் கம்ப்யூட்டர் சரித்திரக் காட்சிசாலை மூலமாக உலகத்துக்கு வெளியிட்டார்கள்.

ஒரு சிறு விஷயம். சி.பி./எம்.மில் ஒன்பதாம் நம்பர் கட்டளை என்று ஒன்று உண்டு. எழுத்துகளைத் திரையில் காட்டுவதற்கு. அந்த எழுத்துகள் எங்கே முடிகின்றன என்று தெரிவிக்க, கடைசியில் டாலர் குறி போடவேண்டும். மைக்ரோசாப்டின் டாஸிலும் அதே வேலைக்கு அதே ஒன்பதாம் நம்பர், கடைசியில் அதே டாலர் குறி. ஏன் டாலர் குறி என்று கேட்ஸைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்று கில்டால் சொல்வதுண்டு. காரணத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

பசிபிக் குரோவில் லைட்ஹவுஸ் வீதி 801ஆம் நம்பர் கட்டடத்தில் அவருடைய கம்பெனி இருந்தது. 2014இல் மின்சார எஞ்சினீயர்களின் உலக சங்கமான ஐ.இ.இ.இ. அதன் முன்னால் ஒரு வெண்கலப் பலகை பதித்திருக்கிறது. 1974இல் இந்த ஊரில் கில்டால் சி.பி./எம்.மை ஓட்டிக் காட்டினாரென்றும், பயாஸ் அவர் கண்டுபிடிப்பென்றும் அதில் எழுதியிருக்கிறது. விமானத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

நேரமாகிவிட்டது. பின்னால் பேசவேண்டிய தோழர்கள் காத்திருக்கிறார்கள். சந்தேகமுள்ளவர்கள் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினால், தெரிந்தவரையில் பதில் சொல்லுகிறோம்.